துப்பாக்கி ரேஞ்சில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) மாட்ட எந்த பெல்ட்? ஆபீஸ் பெல்ட்டோடு போய் அவமானப்பட்டேன்

பிளேனோ கண்ணப்பன்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி தேவையா என்ற பட்டிமன்றம் எங்கள் வீட்டில் இரண்டு வருடம் நடந்து, போன தீபாவளிக்குத்தான் ஒருவழியாக முடிந்தது. இங்கே யாரும் அதை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். என் பிரச்சினை பெல்ட்.

டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். வயது 44. கிரீன் கார்டு வந்த பிறகு கிளாக் 17 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். ஒரு வருடமாக வீட்டுக்குப் பக்கத்து உள்ளரங்க ரேஞ்சில் மேசைமேல் வைத்து எடுத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்து உருவ அங்கே அனுமதி கிடையாது. ஐடிபிஏ என்ற துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகலாம் என்று ஆசை வந்ததும், ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் நாலு மணி நேர ஹோல்ஸ்டர் வகுப்பில் சேர்ந்தேன். போன சனிக்கிழமை அதுதான்.

வலது இடுப்பில், பேண்டுக்கு வெளியே மாட்டும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர். இடது பக்கம் இரண்டு மேகசின் (குண்டு நிரப்பும் பெட்டி) பவுச். எல்லாம் புதுசு. பெல்ட் மட்டும் 2016-ல் தம்பி கல்யாணத்துக்குப் பாண்டி பஜாரில் வாங்கியது. கறுப்பு, பளபளப்பு, ஒன்றேகால் இன்ச் அகலம். ஹோல்ஸ்டரின் வளையமோ ஒன்றரை இன்ச்.

மாட்டிக்கொண்டு நின்றதுமே துப்பாக்கியின் கைப்பிடி உடம்பை விட்டு வெளியே சாய்ந்துவிட்டது. இடுப்பில் குடம் வைத்த மாதிரி நான் எதிர்ப்பக்கம் வளைந்து நின்றேன். முதல் முறை உருவியபோது துப்பாக்கியோடு ஹோல்ஸ்டரும் வந்தது, பேண்டும் கொஞ்சம் கூடவே வந்தது. இரண்டு இன்ச் மேலே வந்த பிறகுதான் டக்கென்று விட்டது. மூன்றாவது மணி நேரத்தில் ஹோல்ஸ்டருக்குப் பின்னால் பெல்ட் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் அவமானம். சுட்டு முடித்துத் திரும்ப வைக்கப் போகிறேன், ஹோல்ஸ்டரின் வாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது. யோசிக்காமல் இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினேன். அந்த ஒரு நொடி குழல்முனை என் விரல்களுக்கு நேராக இருந்தது. பயிற்சியாளர் "ஸ்டாப்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துச் சுடும் தடத்தில் இருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கியைக் காலி செய்து பைக்குள் வைக்கச் சொல்லி, மிச்ச நேரம் முழுக்க என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நியாயம்தான். வகுப்பில் இருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் பாவம் என்று எனக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து மனைவி கேக் மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மேகசின் இல்லாத காலித் துப்பாக்கி 630 கிராம் சொச்சம். 17 குண்டு நிரப்பிய மேகசின் ஒன்று 280 கிராம், அதில் மூன்று. ஹோல்ஸ்டரும் பவுச்சும் சேர்ந்தால் ஒன்றே முக்கால் கிலோவைத் தொடுகிறது. கல்யாண பெல்ட் என்ன செய்யும், பாவம். தராசை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது, அது வேறு கதை.

எனக்குத் தெரிய வேண்டியது: தோலா, நைலானா? அகலம் எவ்வளவு? உள்ளே ஸ்டீல் தகடு வைத்தது என்று விற்கிறார்களே, அது வேண்டுமா? என் பேண்ட் சைஸ் 36, பெல்ட்டும் 36 வாங்கலாமா? முடிந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்கும் அதையே கட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது. 100 டாலருக்குள்.

ஹூஸ்டன் மீனா:

கண்ணப்பன், உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்த ஆள் நல்ல ஆள். நானும் போட்டிகளில் ஆறு வருடமாக சேஃப்டி ஆபீசர் வேலை பார்க்கிறேன், அதையேதான் செய்திருப்பேன். பெல்ட் மாற்றினாலும் இந்தப் பழக்கத்தைத் தனியாக மாற்ற வேண்டும். திரும்ப வைக்கும்போது இடது கை நெஞ்சில் ஒட்டியிருக்கட்டும். அவசரமே இல்லை, வைக்கும் நேரத்தை யாரும் ஸ்டாப்வாட்சில் எண்ணுவதில்லை. ஹோல்ஸ்டர் சாய்ந்திருந்தால் முனையை முன்பக்கம் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு ஆபீசரிடம் சொல்லுங்கள்.

இப்போது பெல்ட். கடைக்காரர்கள் "இத்தனை பவுண்டு இழுத்தாலும் அறாது" என்பார்கள். அறுவது நம் பிரச்சினையே இல்லை, உங்கள் கல்யாண பெல்ட்டும் அறவில்லையே. முறுக்கினால் திருகிக்கொள்ளக் கூடாது, அகலவாட்டில் மடங்கக் கூடாது, அவ்வளவுதான். கடையில் பெல்ட்டை ஒரு அடி நீளத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். சாதாரண பெல்ட் துணி மாதிரியே திருகிக்கொள்ளும். துப்பாக்கி பெல்ட் கால்வாசிகூடத் திரும்பாது, கைதான் வலிக்கும். இன்னொன்று, பக்கிள் போட்டு வளையமாக்கி மேசைமேல் நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் மேலிருந்து அழுத்துங்கள். சரிந்து படுத்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

துப்பாக்கி எடை கீழே மட்டும் இழுப்பதில்லை. கைப்பிடி மேலே, பெல்ட்டுக்கு வெளியே நிற்கிறது. அதனால் மேல்பக்கம் வெளியே சாயப் பார்க்கும். பெல்ட்டின் மேல்விளிம்பு கூடவே சாய்ந்தால் கதை முடிந்தது. கடினமான பெல்ட் விளிம்போடு விளிம்பாக இடுப்பில் ஒட்டி நின்று அதைத் திருப்பி உள்ளே இழுக்கும். உருவும்போதும் அதேதான். ஹோல்ஸ்டர் கூடவே மேலே வருவது, துப்பாக்கியை விடுவிக்க வேண்டிய பிடிமானம் அதற்குக் கிடைக்காததால்.

அகலம் ஒன்றரை இன்ச். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உங்கள் ஹோல்ஸ்டர் வளையமும் அதே ஒன்றரை என்பதால் ஆட்டம் இருக்காது. ஒன்றே முக்கால் வாங்கினால் வளையத்துக்குள் போகாது, ஆபீஸ் பேண்டிலும் போகாது. ஒன்றரையே சில ஆபீஸ் பேண்டுகளில் திணறும், ஒரு ஸ்கேலை எடுத்து பேண்டின் லூப்பை அளந்துவிடுங்கள்.

கட்டும் முறையை வகுப்பில் சொன்னார்களா தெரியவில்லை. ஹோல்ஸ்டருக்கு இரண்டு வளையம் இருந்தால், ஒரு வளையம், பேண்ட் லூப், அடுத்த வளையம் என்று பெல்ட்டைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பேண்ட் லூப் நடுவில் மாட்டிக்கொண்டால் ஹோல்ஸ்டர் முன்னும் பின்னும் நகராது.

சைஸ்தான் பாதிப் பேர் தப்பு பண்ணுகிற இடம். பேண்ட் லேபிள் பொய் சொல்லும், நம் மனது நோகக் கூடாது என்று 39-ஐ 36 என்று தைத்து அனுப்புகிற கம்பெனிகள் இருக்கின்றன. இப்போது கட்டுகிற பெல்ட்டைக் கழற்றி, பக்கிளில் தோல் மடிகிற இடத்திலிருந்து நீங்கள் போடுகிற துளை வரைக்கும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வாங்கும் பெல்ட்டின் நடுத்துளை அந்த அளவில் விழ வேண்டும். பேண்டுக்கு உள்ளே வைக்கும் ஹோல்ஸ்டர் என்றால் இரண்டு இன்ச் கூட்ட வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை.

பெண்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. இடுப்பு வளைவால் கைப்பிடி விலாவில் குத்தும், பேண்ட் லூப்புகள் சீப்புப் பல் அளவுக்குத்தான் இருக்கும். நான் ஆண்கள் செக்‌ஷனில் பேண்ட் வாங்க ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது.

ஆம்பூர்ப் பையன்:

அண்ணே, தோல்னு வந்துட்டா நான் பேசாம இருக்க முடியாது. எங்கப்பா முப்பது வருஷம் தோல் பதனிடுற டேனரில இருந்தவரு. ஸ்கூல் விட்டு வந்தா எங்க சட்டையிலயே அந்த வாசம் இருக்கும்.

நீங்க பாண்டி பஜார்ல வாங்குனது குரோம் உப்புல பதனிட்ட தோலா இருக்கும். குரோம்ல போட்ட தோல் நீலமா வரும், "வெட் புளூ"ன்னே பேரு. சீக்கிரம் பதப்படும், மிருதுவா வரும், ஷூவுக்கு மேல்தோல், ஹேண்ட்பேக், ஜாக்கெட் எல்லாத்துக்கும் அதான். ஆனா மிருதுன்றதே உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வேணும்கிறது மரப்பட்டைல பதனிட்டது. நம்ம ஊர்ல ஒரு காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்குல குழில ஊற வெச்சாங்க. வெள்ளைக்காரன் அதை "ஈஸ்ட் இண்டியா லெதர்"னு பேர் வெச்சு கப்பல்ல ஏத்துனான். அமெரிக்காவுல பட்டை வேற, வேலை அதே. அந்தத் தோல் விறைப்பா நிக்கும், தட்டுனா சத்தம் வரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பளபளப்பைப் பாக்காதீங்க. வெட்டுன விளிம்பைப் பாருங்க. ரெண்டு தோலைச் சேர்த்து ஒட்டி, ரெண்டு ஓரமும் தையல் ஓடியிருக்கணும். விளிம்பு உள்வரைக்கும் ஒரே பழுப்பா இருந்தா நல்லது. நடுவுல சாம்பல் நீலம் தெரிஞ்சா குரோம். அட்டை மாதிரி பொடிப்பொடியா இருந்தா தோல் தூளை பசை போட்டு அழுத்துனது, ஆறு மாசத்துல உரிஞ்சிடும். "ஜெனுயின் லெதர்"னு முத்திரை இருந்தா மயங்காதீங்க. தோல்தான்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். மேல்தோலை உரிச்சு எடுத்தப்புறம் மிஞ்சுன அடித்தோல்ல பெயிண்ட் அடிச்சாலும் அதே முத்திரைதான்.

தடிமனை இங்க அவுன்ஸ்ல சொல்றாங்க. ஒரு அவுன்ஸ்னா ஒரு இன்ச்ல 64-ல ஒரு பாகம். ஆபீஸ் பெல்ட் 8 அவுன்ஸ், 9 அவுன்ஸ் இருக்கும். நீங்க ரெண்டு அடுக்கும் சேர்த்து 14-க்குக் குறையாம கேளுங்க, அஞ்சரை மில்லிமீட்டர் வரும். மாட்டோட முதுகுப் பக்கத்துல வெட்டுனதானான்னும் கேளுங்க. வயித்துப் பக்கத் தோல் இழுபடும். எங்கப்பா ஒரு தோலை விரிச்சு ரெண்டு விரல்ல கிள்ளிப் பாத்தே "இது வயிறு, ஒதுக்கு"ம்பாரு.

வாங்குனதும் எண்ணெய் போட்டு ஊற வெச்சிடாதீங்க. அந்த விறைப்புக்குத்தானே காசு கொடுத்தீங்க. டெக்சாஸ் வெயில்ல கார் டேஷ்போர்டுல போட்டுட்டும் போகாதீங்க, தோல் ஈரமெல்லாம் வத்தி வெடிக்கும். ஒரு ரெண்டு வாரம் இடுப்பைப் பிடிக்கும், அப்புறம் உங்க இடுப்பு வளைவையே அது எடுத்துக்கும்.

ஏட்டையா மகன்:

ஆம்பூர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெல்ட்டை ஒருநாளும் சுருட்டி வைத்துப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் பக்கிளோடு ஆணியில் நேராகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பிராசோ பாலிஷும் பழைய பனியன் துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பித்தளை பக்கிளில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். சுருட்டினால் தோல் சுருண்ட பக்கமே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பார். நீங்களும் தொங்கவிடுங்கள்.

இன்ஸ்பெக்டர்களுக்குத் தோளில் குறுக்காக ஒரு வார் போகுமே, கிராஸ் பெல்ட், அதுவும் இந்தப் பிரச்சினைக்காக வந்ததுதான். சாம் பிரவுன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-ல் சண்டையில் இடது கையை இழந்தார். உறையைப் பிடித்துக்கொண்டு வாளை உருவ இன்னொரு கை இல்லை. உறை ஆடாமல் நிற்க, எடையைத் தோள் தாங்குகிற மாதிரி ஒரு வாரை பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கண்ணப்பன் சார் இடது கையால் ஹோல்ஸ்டரைப் பிடித்தார் என்று படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

ஆஸ்டின் செல்வா:

தோல் ரசிகர்கள் மன்னிக்கவும். போட்டிக்கு என்றால் இரண்டு பாக நைலான் பெல்ட்தான் என் வோட்டு. உள் பெல்ட் மெல்லியது, பேண்ட் லூப்பில் கோர்த்துக்கொள்வது, வெளிப்பக்கம் முழுக்க வெல்க்ரோ. வெளி பெல்ட் விறைப்பானது, ஹோல்ஸ்டரும் பவுச்சும் அதிலேயே நிரந்தரமாக இருக்கும். ரேஞ்சுக்குப் போனதும் ஒட்டிக்கொண்டால் பத்து நொடியில் தயார். ஒவ்வொரு முறையும் எல்லாம் அதே இடத்தில் இருக்கும், கை தேடாது. நான் யுஎஸ்பிஎஸ்ஏ (இன்னொரு துப்பாக்கிப் போட்டி அமைப்பு) ஆடுகிறேன், அங்கே பாதிக்கு மேல் இதைத்தான் பார்ப்பீர்கள்.

குறை என்னவென்றால், ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது, போனால் எச்ஆர் கூப்பிடுவார்கள். 100 டாலருக்குள் நல்லது கிடைப்பதும் கஷ்டம். ஐடிபிஏவில் பெல்ட், ஹோல்ஸ்டருக்கு விதிகள் கறார், வாங்குவதற்கு முன் அவர்கள் விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், பயமுறுத்தவே சொல்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏவில் சுடும் சுற்றின் நடுவே துப்பாக்கி கீழே விழுந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுற்று நடக்காத நேரத்தில் காலித் துப்பாக்கி விழுந்தால், தொடாமல் நின்று ஆபீசரைக் கூப்பிட்டால் தப்பிக்கலாம். குனிந்து எடுத்தால் டிஸ்குவாலிஃபை. தொளதொள பெல்ட்டில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது எனக்கு அது நடந்தது. குனியப் போன என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்து இழுத்தார். அவருக்கு இன்றைக்கும் நான்தான் காபி வாங்கிக் கொடுக்கிறேன்.

கேரோல்டன் வாசகன்:

படிக்கவே ஆசையாக இருக்கிறது. நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நானும் இந்த மாதிரி வகுப்பில் சேரலாமா? துப்பாக்கி வாங்கப் போவதில்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துத்தான்.

ஹூஸ்டன் மீனா:

வாசகன், நில்லுங்கள். எச்1பி, எஃப்1 மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போல ஒருசில விலக்குகள் உண்டு. "வாடகைதானே" என்பது காப்பாற்றாது, கையில் இருந்தால் வைத்திருந்ததாகத்தான் அர்த்தம். டெக்சாஸில் 2021 முதல் பெர்மிட் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள், அது வேறு சட்டம். முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டையே பணயம் வைக்கிற விளையாட்டு இது.

செல்வா சொன்ன இரண்டு பாக பெல்ட் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கண்ணப்பன் இன்னும் ஒரு போட்டிகூட ஆடவில்லை. ஒன்றரை இன்ச் தோல் பெல்ட் ஒன்று வாங்கி ஒரு வருடம் ஓட்டட்டும். ஸ்டீல் தகடும் வேண்டாம். முழு இரும்புத் துப்பாக்கி மாட்டுகிறவர்களுக்கு அது உதவும், உங்கள் கிளாக்குக்கு நல்ல தோல் போதும். தகடு வைத்தால் உட்காரும்போது வயிற்றில் இரும்புப் பட்டை கட்டின மாதிரி இருக்கும், சொல்லிவிட்டேன்.

பிளேனோ கண்ணப்பன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

மீனா சொன்ன மாதிரி பழைய பெல்ட்டை அளந்தேன். 39 அரை. பேண்ட் லேபிள் 36. மூன்றரை இன்ச் எனக்கே தெரியாமல் எங்கே இருந்தது என்று மனைவியிடம் கேட்டேன், "சாப்பாட்டு மேசையில்" என்றாள்.

தோல் வேலை செய்யும் ஒரு ஆளிடம் பழுப்பு நிறத்தில், இரண்டடுக்கு, ஒன்றரை இன்ச், 14 அவுன்ஸ் என்று சொல்லிச் செய்து வாங்கினேன். தபால் செலவோடு 85 டாலர். பிரித்ததும் ஆம்பூர்த் தம்பி சொன்ன மாதிரி முதலில் விளிம்பைத்தான் பார்த்தேன், உள்வரைக்கும் பழுப்பு. விரலால் தட்டினால் மரப்பலகை மாதிரி சத்தம். முதல் நாள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போய், மதியம் தட்டோடு குனிய முடியாமல் கேன்டீனில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது வாரத்தில் வழிக்கு வந்தது. இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, ஏட்டையா வாழ்க.

போன சனிக்கிழமை அதே வகுப்பு, அதே பயிற்சியாளர். "லோட் அண்ட் மேக் ரெடி" (குண்டு நிரப்பித் தயாராகு) என்றபோது கை நடுங்கியது உண்மை. உருவினேன், துப்பாக்கி மட்டும் வந்தது. ஹோல்ஸ்டர் வைத்த இடத்திலேயே நின்றது. அதைவிட, திரும்ப வைக்கும்போது வாய் நேரே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை நெஞ்சில். நாலு மணி நேரமும் பேண்டை ஒருமுறைகூட மேலே இழுத்துவிடவில்லை.

ஒரே ஒரு சிக்கல். நான் வலது கைக்காரன், பெல்ட்டின் வால் பக்கிளைத் தாண்டி இடது பக்கம் போகிறது. சரியாக முதல் மேகசின் பவுச் இருக்கும் இடத்தில் போய் முட்டுகிறது. தடிமனான தோல் என்பதால் பவுச்சை வெளியே தள்ளிவிடுகிறது, மேகசின் எடுக்கப் போனால் கை வாலில் தட்டுகிறது. நுனியை வெட்டிவிடலாமா?

ஹூஸ்டன் மீனா:

வெட்டாதீர்கள்! தையல் பிரியும், நுனி விரிந்து இரண்டு அடுக்காகத் தொங்கும். பவுச்சை முதல் பேண்ட் லூப்புக்குப் பின்னால் தள்ளுங்கள். வால் அந்த லூப்போடு முடிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் பெல்ட்டை எதிர்ப்பக்கமிருந்து கோர்த்துக்கொள்ளுங்கள். வால் வலது பக்கம் வரும், ஹோல்ஸ்டர் இடுப்பெலும்புக்குப் பின்னால் இருப்பதால் அங்கே இடம் நிறைய. பக்கிள் தலைகீழாக இருக்கிறதே என்று ஆபீசில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிளேனோ கண்ணப்பன்:

பவுச்சைத் தள்ளியாயிற்று, தட்டவில்லை. முதல் போட்டி வருகிற ஞாயிறு, மழை வரும் என்கிறார்கள்.